மனநல மருத்துவரா, உளவியலாளரா: முதலில் யாரிடம் போவது?

மதுரை கோரிப்பாளையத்தில், பெரிய ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு மருந்துக்கடையில் 19 வருடமாக நிற்கிறேன். சீட்டோடு வருகிறவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் சீட்டே இல்லாமல், கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகக் காத்து நிற்கிறவர்களும் உண்டு. போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து அப்படி ஒரு அம்மா வந்தார். பிளஸ் டூ படிக்கும் மகன் இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான், பகலில் போர்வையை விலக்குவதில்லை, கறிக்குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

“ஸ்கூல் சார் கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்கன்றாரு. எங்கண்ணன் மனநல டாக்டர்கிட்ட காட்டுன்றாரு. ரெண்டும் ஒண்ணுதானே தம்பி? எது கிட்டக்க இருக்கோ அங்க போயிரவா?”

ரெண்டும் ஒண்ணு இல்லை. கல்லாவில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன். என் வீட்டிலேயே தப்பான இடத்துக்கு ஏழு மாதம் அலைந்திருக்கிறோம். அந்த ஏழு மாதம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

கட்டணம், தூரம் இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். அவை முக்கியம்தான், கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. இவர் என்ன படித்தவர், எதைப் பார்த்துப் பழகியவர்? மருந்து எழுத இவருக்கு உரிமை உண்டா? மனக்கோளாறு போலத் தெரிவது உண்மையில் உடல் கோளாறாக இருந்தால் கண்டுபிடிப்பாரா? உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்குமா? சேர்ந்தாற்போல் எத்தனை மாதம் அலைய வேண்டியிருக்கும்?

கடைசியாக, நான் அதிக எடை கொடுக்கும் கேள்வி: முதலில் தப்பான இடத்துக்குப் போய்விட்டால் எவ்வளவு இழப்போம்?

## படிப்பும் பயிற்சியும்

| | மனநல மருத்துவர் | மருத்துவ உளவியலாளர் |
|---|---|---|
| அடிப்படை | எம்.பி.பி.எஸ்., பயிற்சி மருத்துவராக 1 ஆண்டு சேர்த்து 5½ ஆண்டு | உளவியலில் இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு |
| சிறப்புப் பயிற்சி | எம்.டி. மனநல மருத்துவம் 3 ஆண்டு, அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. பட்டம் | எம்.பில். மருத்துவ உளவியல் 2 ஆண்டு |
| பதிவு | மாநில மருத்துவக் கவுன்சில் | இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (ஆர்.சி.ஐ.) |
| மருந்து | எழுதலாம் | எழுதக் கூடாது |
| பரிசோதனை | ரத்தம், ஸ்கேன், உடல் பரிசோதனை | அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளுமை |
| ஒரு சந்திப்பு | முதல் முறை நீளும், அப்புறம் 10, 15 நிமிடம் | 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் |

வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை: ஒருவருக்கு எட்டரை, இன்னொருவருக்கு ஏழு. வித்தியாசம் அந்த வருடங்களை எங்கே கழித்தார்கள் என்பதில் இருக்கிறது.

மனநல மருத்துவர் முதலில் முழு டாக்டர். உடற்கூறு அறுத்துப் பார்த்தவர், பிரசவ வார்டில் நின்றவர், விபத்துப் பிரிவில் இரவு கண்விழித்தவர். அதற்குப் பிறகுதான் மனநலம். இங்கே மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிக்கிறவர்கள் ராஜாஜி மருத்துவமனையில்தான் பழகுகிறார்கள். நோயாளி தன்னிலை இழந்து கத்திக்கொண்டு வருவதையும், மூன்று நாள் பேசாமல் சிலைபோல உட்கார்ந்திருப்பதையும் அங்கே பார்க்கிறார்கள். சோர்ந்து படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்ததும் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மூளையில் கட்டி என்று அவர்கள் மனம் ஓடும். பேச்சு சிகிச்சையும் எம்.டி. பாடத்தில் உண்டு. ஆனால் வெளியே வரிசையில் நிற்கும் கூட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. (பழைய பலகைகளில் டி.பி.எம். என்று இருக்கும். அது மனநல மருத்துவத்தில் 2 ஆண்டு டிப்ளமோ; அவரும் மனநல மருத்துவர்தான்.)

உளவியலாளர் படிப்பது மனிதன் எப்படிக் கற்கிறான், எப்படி மறக்கிறான், பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எப்படி விடுகிறது என்பதை. எம்.பில். இரண்டு வருடமும் மருத்துவமனையில் முழு நேரம், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளோடு வேலை. ஒரு நோயாளியின் கதையைப் பிறந்ததிலிருந்து பக்கம் பக்கமாக எழுதி, ஏன் இப்படி முடிவெடுத்தாய் என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகுகிறார்கள். வெறும் எம்.ஏ., எம்.எஸ்சி. உளவியல் முடித்தவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அஞ்சல் வழியில்கூட அந்தப் பட்டம் வாங்கலாம். அதனால்தான் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆர்.சி.ஐ. ஏற்ற மருத்துவ உளவியல் தகுதியோ, மேற்பார்வைப் பயிற்சியோடு கூடிய இரண்டு வருட முழு நேர எம்.பில். பட்டமோ உள்ளவரையே மருத்துவ உளவியலாளர் என்கிறது.

இதில் ஒரு மாற்றமும் நடக்கிறது. எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தார்கள். இனி வருகிறவர்களின் பலகையில் சை.டி. (உளவியலில் முனைவர் நிலைப் பட்டம்) போன்ற வேறு பட்டங்கள் இருக்கும். எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள், அது போதும்.

“டாக்டர்” என்ற முன்னொட்டும் ஆளை ஏமாற்றும். உளவியலில் பி.எச்டி. முடித்தவரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அதை வைத்து அவர் மருந்து எழுதுவார் என்று நினைத்துவிடக் கூடாது. தன் துறைக்கு அப்பாற்பட்ட மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

## மனநல மருத்துவரிடம் போனால்

என் தம்பிக்கு 26 வயதில் ஆரம்பித்தது. வேலை போனது, அறையைவிட்டு வெளியே வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு ஆலோசனை மையத்தில் சேர்த்தோம். வாரம் ஒருமுறை, ஏழு மாதம். பலகையில் உளவியல் நிபுணர் என்றிருந்தது. என்ன படித்தவர் என்று நாங்கள் கேட்கவில்லை. மருந்துக்கடையில் நிற்கும் நானே கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் தம்பி எழுந்து உட்கார்ந்தான். பேசினான், சிரித்தான். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. “தன்னம்பிக்கை வந்துவிட்டது, நல்ல முன்னேற்றம்” என்றார் அந்த ஆலோசகர். போகப் போகத் தூக்கம் குறைந்தது, பேச்சு கூடியது. ஏழாவது மாதம் ஒரு நாள் கீழமாசி வீதிக்குப் போய் 12 மூட்டை துவரம்பருப்புக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான். மெஸ் திறக்கப் போவதாகச் சொன்னான். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவை எழுப்பி, நூறு இலைக்கு எத்தனை படி பருப்பு என்று கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்கக் கணக்கு எழுதினான். கண் சிவந்திருந்தது, ஆனால் களைப்பே இல்லை.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த மனநல மருத்துவர் பருப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நாலு நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினார்? இதற்கு முன்னால் சோர்ந்து கிடந்த காலம் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா? மூன்றாவது கேள்விக்கு அம்மா பேசாமல் இருந்தார். அப்பாவின் தம்பி ஒருவர் வீட்டைவிட்டுப் போனவர். அவர் பெயரை நாங்கள் இருபது வருடமாக எடுத்ததில்லை. தம்பிக்கு வந்திருப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்) என்றார்கள். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையை ஆரம்பித்தார்கள்.

அந்த ஆலோசகர் கெட்ட மனிதர் இல்லை. சோர்வு நீங்கிய பிறகு வரும் மிதமிஞ்சிய உற்சாகமும் நோயின் மறுபக்கமாக இருக்கலாம் என்பது அவர் படித்த படிப்பில் இல்லை.

மனநல மருத்துவரிடம் மறைந்திருக்கும் செலவு நேரம். அரசு மருத்துவமனையில் சீட்டும் மாத்திரையும் இலவசம், ஆனால் காலை முழுதும் வரிசை. உசிலம்பட்டி 40 கிலோமீட்டர்; அரப்பாளையத்தில் இறங்கி வந்து சேர்வதற்குள் இரண்டு பேரின் அன்றைய கூலி போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருகிறார். மதுரைக்கு பஸ் ஏறும் முன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் அந்த நாள் எது என்று விசாரியுங்கள்.

அடுத்தது மாத்திரையின் கணக்கு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். வாய் உலர்வதும் வயிறு புரட்டுவதும் முதல் நாளே வந்துவிடும். பத்து நாள் மாத்திரை வாங்கிப் போய் அதோடு நிறுத்தியவர்கள் எத்தனையோ பேரை இந்தக் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறேன். குணமானதும் நிறுத்திவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். லித்தியம் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் குறித்த இடைவெளியில் பார்த்தாக வேண்டும். சில மருந்துகளுக்கு எடை கூடும். இதையெல்லாம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதியில் விட மாட்டீர்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும் ஒரு செலவுதான். பெண் பார்க்கும் நேரம் என்று மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெறும் கவரில் போடச் சொல்கிறார்கள். போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அளவையும் நேரத்தையும் கவர்மேல் எழுதாமல் கொடுப்பதில்லை.

## மருத்துவ உளவியலாளரிடம் போனால்

இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். என் கடைக்கு ஒரு அக்கா இரண்டு வருடம் வந்தார். பணத்தை என் கையில் கொடுக்க மாட்டார், மேசையில் வைத்துவிட்டு விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, சோப்புக் காரத்தில் சிவந்திருக்கும். அவருடைய சீட்டில் இருந்தது அல்பிரசோலம், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவர் தூக்கத்துக்காக எழுதியது. 2014-லிருந்து அந்த மாத்திரைக்குத் தனிப் பதிவேடு உண்டு. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் குறிக்க வேண்டும். அவருடைய பெயரை நானே அந்த நோட்டில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்த மாத்திரை பழக்கமாகிவிடும் தன்மை உள்ளது. கைகழுவும் நேரமோ குறையவே இல்லை.

அது ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சிக் கோளாறு. பிறகு ஒரு மனநல மருத்துவர் மருந்தை மாற்றி, மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். அங்கே நடந்ததை அக்காவே சொன்னார். மாடிப்படிக் கைப்பிடியைத் தொடச் சொன்னார்களாம். தொட்டபின் கழுவக் கூடாது, பேசாமல் உட்கார வேண்டும். முதல் பத்து நிமிடம் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்ததாம். அரைமணி நேரத்தில் பயம் தானாகவே இறங்கியது. கழுவாமலேயே இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றார். அடுத்த வாரம் பஸ் கம்பி. அதற்கடுத்த வாரம் செருப்பு. எதை முதலில் தொடச் சொல்வது, எப்போது நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் பயிற்சி. ஆறுதல் சொல்லும் நல்ல மனசு மட்டும் இருந்தால் செய்ய முடியாது. நல்ல மனசுள்ளவர் “சரி, போய்க் கழுவிக்கோம்மா” என்று சொல்லிவிடுவார். நோய் அங்கேயே நிற்கும்.

பதற்றம், குறிப்பிட்ட பயங்கள், துக்கம், கணவன் மனைவி பிணக்கு, தேர்வு பயம், மிதமான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு உளவியலாளர்தான் என் முதல் தேர்வு. பிள்ளை படிப்பில் பின்தங்குகிறது என்றால் கற்றல் குறைபாடா, கவனக் குறைபாடா, வெறும் சோம்பலா என்று சோதித்துச் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

இங்கே மறைந்திருக்கும் செலவு வாரா வாரம் வருவது. பொதுவாக 8 முதல் 16 அமர்வு. கட்டணத்தோடு அரைநாள் லீவும் பஸ் காசும் சேர்த்து, 12 வாரத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நாலாவது வாரத்தில் காசில்லாமல் நிறுத்துவதைவிட அது நல்லது. வீட்டுப்பாடமும் உண்டு, அதைச் செய்யாமல் போனால் பலன் பாதிதான். மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய்போலவே நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும், வாராந்தரப் பேச்சு சிகிச்சைக்கு வராது. இன்னொன்று, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் மதுரை நகரத்தைத் தாண்டினால் அரிது.

## வெறும் “கவுன்சிலிங்” பலகை

குடும்ப நல ஆலோசகர், பள்ளி ஆலோசகர் எல்லோரும் தேவையானவர்களே. நன்றாகப் பழகியவரிடம் மனம்விட்டுப் பேசியே பாரம் இறங்கியவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், இந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நிலைதான் நெடுநாள் இருந்தது. ஆலோசகர்களையும் ஒரு பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. அந்தப் பதிவு முழுதாக நடைமுறைக்கு வரும்வரை நீங்கள்தான் கேட்க வேண்டும்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எந்த நிலையில் மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். “என்னிடமே எல்லாம் சரியாகிவிடும், மாத்திரை வேண்டாம்” என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

## கோயிலும் தர்காவும்

பாண்டி கோயிலுக்கோ ஏர்வாடிக்கோ போய்வந்த பிறகுதான் எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரிப் படியேறுகின்றன. கும்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டாம், நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போய் விட்ட குடும்பங்களும் குணமாக்கத்தான் விட்டன. விபூதியும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

## எப்போது யார்

காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்கிறார், நாலு நாளாகத் தூக்கமில்லாமலும் களைப்பில்லாமலும் இருக்கிறார், குளிக்கவில்லை சாப்பிடவில்லை, பிரசவமான சில வாரங்களில் பிள்ளையைத் தூக்க மறுக்கிறார் என்றால் மனநல மருத்துவர், அதுவும் இந்த வாரமே. அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் குணம் மாறினாலும் மருத்துவர்தான். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி இல்லாததைப் பார்க்க ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. கவுன்சிலிங் வாசலில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சும்மா சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வயலுக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022-லிருந்து இருக்கிறது, தமிழில் பேசுவார்கள், இலவசம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு.

சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் ஓரளவு ஓடிக்கொண்டிருக்க, மனம் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் உளவியலாளரிடம் ஆரம்பிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றும் புரியவில்லையா? முதலில் மருத்துவர். நான் மருந்து விற்கிறவன் என்பதால் சொல்லவில்லை. பேச்சு தேவைப்படுகிறவர் மருத்துவரிடம் போய்விட்டால் ஒரு நாளும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செலவாகும், அந்த மருத்துவரே உளவியலாளரிடம் அனுப்பிவிடலாம். மருந்து தேவைப்படுகிறவர் பேச்சிலேயே உட்கார்ந்துவிட்டால் மாதங்கள் போகும். பிற்பாடு என் தம்பிக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். லித்தியம் அவனைத் தரையில் நிறுத்தியது. உளவியலாளர் எங்கள் அம்மாவுக்கு ஒரு காலண்டரில் அவன் தூங்கிய நேரத்தை எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அப்படி ஒருமுறை வந்து, மாத்திரை அளவை மாற்றியதோடு சரியானது.

உசிலம்பட்டி அம்மாவுக்கும் அதையே சொன்னேன். தூக்கமும் பசியும் இரண்டு மாதமாகத் தலைகீழாகிவிட்டதால் முதலில் மருத்துவர், தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், தேர்வு பயமோ வேறு ஏதுமோ உள்ளே இருந்தால் அவரே உளவியலாளரிடம் அனுப்புவார், அனுப்பாவிட்டால் நீங்கள் கேளுங்கள் என்றேன். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன்: எந்த மாதம் ஆரம்பித்தது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எதைச் சாப்பிடுகிறான், குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது. இதற்கு முன்னால் கொடுத்த மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போக வேண்டும், பெயர் இருக்கிற ஓரத்தைக் கிழிக்காமல்.

“மாமியார் பக்கத்துல ஒருத்தருக்கு இருந்துச்சு தம்பி,” என்றார் மெதுவாக. அதையும் எழுதச் சொல்லிப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.